எல்.ஈ.டி.க்குள் தண்ணீர்த்துளியை விட்டு இழந்த எட்டு மாதம்

ஐ.டி.ஓ. என்ற, ஒளியையும் விட்டு மின்சாரத்தையும் கடத்தும் பூச்சு ஏற்றிய கண்ணாடித் தகடுகள் 140. எம்இஎச்-பிபிவி என்ற ஒளிரும் பாலிமர், வாங்கிய ஒரு கிராமில் பாதிக்கு மேல். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மணிக்கணக்கில் கட்டிய வாடகை. எட்டு மாதம். இத்தனையும் போன பிறகு புரிந்த விஷயம், முதல் நாளே ஒரு தாளில் நாலு வரி கணக்குப் போட்டிருந்தால் புரிந்திருக்கும். அந்தக் கணக்கு கீழே வருகிறது. அதற்கு முன்னால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எங்கெங்கே கால் வழுக்கும் என்று தெரியும்.

குளிரூட்டிய பேருந்திலிருந்து சென்னை வெயிலில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் பனி படியுமே, அதுதான் அடிப்படை. குளிர்ந்த பரப்பில் ஈரக்காற்று பட்டால் நுண்துளிகள் உட்காரும். 1911-இல் ரேலி பிரபு இந்த மூச்சுப்பனியைப் பற்றி எழுதினார். ஆய்வகத்தில் நாங்கள் ப்ரெத் ஃபிகர் என்றே சொல்வோம். 1994-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் இதையே பாலிமர் கரைசலின் மேல் நடத்திக் காட்டினார்கள். பாலிஸ்டைரீனை எளிதில் ஆவியாகும் கரைப்பானில் கரைத்து ஈரக்காற்றில் ஊற்றினால், ஆவியாகும் வேகத்தில் திரவப் பரப்பு சில்லிட்டுப் போகும். அதன்மேல் துளிகள் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் அறுகோணமாக அடுக்கிக்கொள்ளும். கரைப்பான் முதலில் போகும், தண்ணீர் பின்னால் போகும். துளி இருந்த இடமெல்லாம் துளை. காய்ந்தபின் பார்த்தால் தேன்கூடு. உரு வெட்டிய மாஸ்க் வேண்டாம், ஒளியால் உரு பொறிக்கும் லித்தோகிராஃபி வேண்டாம், சுத்தஅறை வேண்டாம். தண்ணீரே அச்சு, அதுவே தானாகக் கிளம்பிப் போய்விடுகிறது. இதில் மயங்காதவர் யார்?

பாலிமர் எல்.ஈ.டி.க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. 1990-இல் கேம்பிரிட்ஜில் முதல் பாலிமர் எல்.ஈ.டி. ஒளிர்ந்த நாளிலிருந்து தொடரும் தலைவலி, உள்ளே பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி வெளியே வராததுதான். ஒளிரும் அடுக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. கண்ணாடிக்குள் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் திரும்பி உள்ளேயே போய்விடும். தோராயக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. மைக்ரான் அளவில் மேடுபள்ளம் செய்தால் சிக்கிய ஒளியில் கொஞ்சத்தை மீட்கலாம். தேன்கூடு அந்த அளவுதான். அப்படியானால் ஒளிரும் அடுக்கையே தேன்கூடாக்கிவிடலாமே என்று இறங்கினேன். தப்பு அங்கேதான் தொடங்கியது, ஆனால் அது தெரிய ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் வேறு தொல்லைகள்.

பாலிஸ்டைரீனை வைத்துத்தான் பழகினேன், அது மட்டும் புத்திசாலித்தனம். குளோரோஃபார்மில் மில்லிலிட்டருக்கு 20 மி.கி., 2.5 செ.மீ. சதுரக் கண்ணாடியில் 100 மைக்ரோலிட்டர். ஒரு நாள் அழகான தேன்கூடு, மறுநாள் வெறும் வழவழப்பு, அடுத்த நாள் அம்மைத் தழும்பு மாதிரி கண்டபடி குழிகள். கரைசலைச் சந்தேகித்தேன், கண்ணாடி கழுவுவதைச் சந்தேகித்தேன், கடைசியில் என் கையையே சந்தேகித்தேன். ஆறாவது வாரம் நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: நன்றாக வந்தவை அநேகமாக எல்லாம் திங்கட்கிழமை காலை. சனி ஞாயிறு அறையில் ஏ.சி. ஓடாது. திங்கள் காலை அறை முழுக்கக் கடற்காற்றின் ஈரம். மதியத்துக்குள் ஏ.சி. அதை உறிஞ்சிவிடும். 24 டிகிரி, 48 சதவீத ஈரப்பதம் என்றால் பனி படியும் வெப்பநிலை சுமார் 12 டிகிரி. குளோரோஃபார்ம் பரப்பு அதற்குக் கீழே இறங்கி நிற்பதே கொஞ்ச நேரம், அதற்குள் துளி வளராது. ஏ.சி. இல்லாமல் 28 டிகிரி, 80 சதவீதம் என்றால் பனி 24 டிகிரியிலேயே படியத் தொடங்கிவிடும். ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய குறிப்பு நோட்டில் ஈரப்பதத்துக்கு ஒரு பத்தி போடாததற்கு ஆறு வார அபராதம்.

அதனால் அறையை நம்பாதீர்கள், சின்னதாக ஒரு பெட்டி கட்டுங்கள். எனக்கு ஒத்துவந்த அமைப்பு இது. நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளோ மீட்டர் வையுங்கள். ஒரு கிளை அப்படியே உலர்ந்து வரட்டும். மற்றது காய்ச்சி வடித்த தண்ணீர் உள்ள இரண்டு குமிழிப் புட்டிகளை அடுத்தடுத்துக் கடந்து, பிறகு ஒரு வெற்றுப் புட்டி வழியாக வரட்டும். இரண்டையும் சேர்த்துப் பெட்டிக்குள் விடுங்கள். இரண்டு ஓட்டங்களின் விகிதத்தை மாற்றினால் ஈரப்பதம் மாறும். வெற்றுப் புட்டியை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது இல்லாதபோது குழாய் தண்ணீரைத் துப்பி, படலத்தின் நடுவில் காசு அளவுக்குப் பொத்தல் போட்டது. குமிழிப் புட்டியில் தண்ணீர் ஆவியாகி ஆவியாகித் தானே குளிர்ந்துவிடும், அரை மணியில் ஈரப்பதம் சத்தமில்லாமல் இறங்கும். புட்டியை அறை வெப்பநிலைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார வையுங்கள். சூடாக்க வேண்டாம். சூடாக்கினால் குழாய்க்குள்ளேயே பனி படியும். ஈரமானி படலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், குழாய் வாயில் வைத்தால் பொய் சொல்லும். பத்து செ.மீ. கண்ணாடிக் கிண்ணம் அளவுப் பெட்டிக்கு நிமிடத்துக்கு 300 முதல் 500 மி.லி. ஓட்டமும், 75 முதல் 85 சதவீத ஈரப்பதமும் எனக்குப் பொருந்தின. ஓட்டம் கூடினால் திரவப் பரப்பில் அலை எழுந்து தேன்கூடு வரிவரியாகச் சிதையும். குறைந்தால் துளிகள் நேரம் கிடைத்த தெம்பில் பெருத்து ஒன்றோடொன்று கலக்கும்.

பெட்டியை, நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடுக்குள் வைத்தே செய்யுங்கள், குளோரோஃபார்ம் விளையாட்டில்லை. சாதாரண நீல நைட்ரைல் கையுறை குளோரோஃபார்மைத் தடுக்காது, கொட்டினால் உடனே கழற்றுங்கள். மூடியில்லாமல் ஹூடுக்குள் ஊற்றினால் இழுக்கும் காற்று படலத்தை ஒரு பக்கமாக உலர்த்திவிடும், ஆகவே பெட்டி கட்டாயம். பெட்ரிக் கிண்ணம் கண்ணாடியில் இருக்கட்டும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் பாலிஸ்டைரீன்தான், உங்கள் சாம்பிளோடு சேர்ந்து அதுவும் கரையும். பைப்பெட்டில் குளோரோஃபார்ம் தானாகச் சொட்டும். முனையை இரண்டு மூன்று முறை நனைத்து வெளியேற்றிய பிறகு எடுத்தால் அடங்கும்.

கரைப்பானும் பாலிமரும் பற்றி ஒன்றிரண்டு. தண்ணீரோடு கலக்கும் கரைப்பான் சரிவராது. டெட்ராஹைட்ரோஃபியூரானில் இரண்டு நாள் வீணடித்தேன். தண்ணீரைவிடக் கனமான குளோரோஃபார்ம், கார்பன் டைசல்ஃபைடு போன்றவற்றில் துளிகள் மேலேயே மிதந்து ஒற்றை அடுக்கு வரும். டொலுயீன் தண்ணீரைவிட லேசு, துளிகள் அமிழ்ந்து பல அடுக்காகும். 2001-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எல்.ஈ.டி. வேலைக்கு ஒற்றை அடுக்கே போதும். குளோரோஃபார்ம் புட்டியின் லேபிளைப் படியுங்கள். கெடாமலிருக்கச் சிலர் எத்தனால் சேர்ப்பார்கள், சிலர் அமைலீன். எத்தனால் தண்ணீருக்குள் போய்த் துளியின் பரப்பிழுவிசையை மாற்றுகிறது. புட்டி மாறிய வாரம் துளை அளவும் மாறியது, காரணம் தெரியாமல் மறுபடி அலைந்தேன். பாலிமரில், முனையில் எந்த முனைவுத் தொகுதியும் இல்லாத நேர்ச்சங்கிலிப் பாலிஸ்டைரீன் முரண்டு பிடிக்கும். துளியைச் சுற்றித் தோல் மாதிரிப் படிந்து, பக்கத்துத் துளியோடு கலக்காமல் தடுக்க ஏதாவது வேண்டும். கார்பாக்சில் முனையுள்ள பாலிஸ்டைரீன், நட்சத்திர வடிவப் பாலிமர், அல்லது பாலிஸ்டைரீன்-பாலிஅக்ரிலிக் அமிலக் கூட்டுப்பாலிமரை எடையில் 5 முதல் 10 சதவீதம் சேர்ப்பது, இந்த மூன்றும் கைகொடுக்கும். சோப்பு வகை உப்புகளைச் சேர்க்கச் சொல்வார்கள். தேன்கூடு வரும், ஆனால் அயனிகள் எல்.ஈ.டி.க்குள் நகர்ந்து ஆட்டம் காட்டும். வேண்டாம்.

எல்லாம் கூடிவந்தால் இப்படி இருக்கும். ஊற்றியதும் தெளிந்த திரவம். அரை நிமிடத்துக்குள் பால் போல வெளுக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் ஓரத்திலிருந்து காயும். ஈரம் முழுக்கப் போக ஐந்து நிமிடம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் மயில்கழுத்து நிறம் ஓடும். உடனே எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஓடாதீர்கள், என் பணம் போனது அங்கேதான். பச்சை லேசர் பாயின்டர் ஒன்று போதும். படலத்தின் வழியாக அடித்து, 30 செ.மீ. தள்ளி வெள்ளைத் தாள் வையுங்கள். ஆறு புள்ளி விழுந்தால் லேசர் பட்ட இடம் முழுக்க ஒரே ஒழுங்கு. வளையம் விழுந்தால் தேன்கூடு இருக்கிறது, ஆனால் திசை மாறிய துண்டுகளாக. மங்கலாக ஒளி பரவினால் குப்பையில் போடலாம். வளையத்தின் ஆரம் 5 செ.மீ. என்று வையுங்கள். கோணம் ஏறக்குறைய 9.5 டிகிரி, அதன் சைன் 0.164. லேசரின் 532 நானோமீட்டரை அதனால் வகுத்தால் 3.24 மைக்ரான். இது வரிசைகளுக்கிடையே உள்ள தூரம். அதை 0.866-ஆல் வகுத்தால் துளைக்குத் துளை 3.7 மைக்ரான். இருபது சாம்பிளை இப்படிச் சலித்து, ஒன்றை மட்டும் நுண்ணோக்கிக்கு அனுப்பினால் வாடகை மிச்சம்.

சரி, பாலிஸ்டைரீனில் கை பழகிவிட்டது. இனி எம்இஎச்-பிபிவி. இங்கேதான் அந்த நாலு வரி. மி.லி.க்கு 20 மி.கி. வீதம் 100 மைக்ரோலிட்டர் என்றால் 2 மி.கி. பாலிமர். தகட்டின் பரப்பு 6.25 ச.செ.மீ. அடர்த்தி ஏறக்குறைய 1. வகுத்தால் படலத்தின் தடிமன் 3 மைக்ரான். எல்.ஈ.டி.க்கு வேண்டியது 100 நானோமீட்டர், அதாவது முப்பதில் ஒன்று. ஐ.டி.ஓ., அலுமினியம் என்ற இரண்டு மின்வாய்களுக்கிடையே 100 நானோமீட்டர் இருந்தால்தான் நாலைந்து வோல்ட்டில் ஒளிரும். 3 மைக்ரானுக்கு நூறு வோல்ட்டைத் தாண்டிப் போக வேண்டும். அப்படியானால் கரைசலை நீர்க்கச் செய்யலாமே? 100 நானோமீட்டருக்கு மி.லி.க்கு 0.7 மி.கி. கூட வராது. அவ்வளவு நீர்த்த கரைசலில் துளியைச் சுற்றித் தோல் போடப் பாலிமரே இல்லை, துளிகள் கலந்து குட்டைகளாகிவிடும். இன்னொரு கோணத்தில் பாருங்கள். 3 மைக்ரான் துளி 100 நானோமீட்டர் படலத்தில் உட்கார்ந்தால் அது குழியல்ல, அடி வரை பொத்தல். அந்தப் பொத்தலில் அலுமினியம் இறங்கினால் நேரே ஐ.டி.ஓ.வைத் தொடும். ஷார்ட். இந்தக் கணக்கைப் போடாமல், ‘கொஞ்சம் நீர்த்துப் பார்ப்போம், கொஞ்சம் வேகமாகச் சுற்றிப் பார்ப்போம்’ என்று மூன்று மாதம் ஓட்டினேன். ஈரக்காற்றில் ஸ்பின் கோட்டிங், அதாவது தகட்டை வேகமாகச் சுழற்றிப் பூசுதல், செய்தால் மைக்ரானுக்குக் குறைவான குழிகள் சிதறலாக வரும், தேன்கூடு வராது. அதிலும் பாதி ஷார்ட்.

ஷார்ட்டா இல்லையா என்று பார்க்க ஒளிரும்வரை காத்திருக்காதீர்கள். எதிர்த்திசையில் 2 வோல்ட் கொடுத்து மின்னோட்டம் அளங்கள். நல்ல டயோடில் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. இரு திசையிலும் ஒரே மாதிரி நேர்கோடாக ஏறினால் அது டயோடு அல்ல, மின்தடை. என் 140 தகடுகளில் பெரும்பாலானவை அந்த நேர்கோட்டோடு முடிந்தவை.

ஒளிர்ந்த சிலவும் மங்கலாகவே ஒளிர்ந்தன. வெளிச்சமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் எம்இஎச்-பிபிவி சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகள் அறுந்து கார்போனைல் முளைக்கும், ஒளியை அது விழுங்கும். கரைசலாக, மெல்லிய படலமாக, ஈரம் சூழ, டியூப் லைட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் செய்தது கிட்டத்தட்ட அதை வேண்டுமென்றே கெடுக்கும் வேலை. காற்றுக்குப் பதில் நைட்ரஜன், மஞ்சள் விளக்கு, புட்டிக்கு அலுமினியத் தாள், இவை இருந்தால் சேதம் குறையும். சந்தேகம் வந்தால் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்து, புதிதாகப் பூசிய படலத்தோடு ஒப்பிடுங்கள். ஆரஞ்சு மங்கியிருந்தால் அதன்மேல் மின்வாய் ஏற்றுவது வீண் செலவு.

அடுத்த யோசனை, ஒளிரும் அடுக்கைத் தொடாமல் அதற்கு அடியில் பாலிஸ்டைரீன் தேன்கூட்டை மின்காப்பாக வைப்பது. துளை இருக்கும் இடத்தில் மட்டும் மின்சாரம் பாயும், ஒவ்வொரு துளையும் ஒரு குட்டி எல்.ஈ.டி. காகிதத்தில் பிரமாதம். முதல் அடி, ஐ.டி.ஓ. மேல் பூசிய பெடாட்-பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமர் அடுக்கு. அது தண்ணீரை உறிஞ்சி ஊதும். அதன்மேல் ஆயிரக்கணக்கில் துளிகளை உட்காரவைத்தால் தேன்கூடு அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. ஜிஓபிஎஸ் என்ற சிலேன் ஒரு சதவீதம் கலந்து 140 டிகிரியில் சுட்டால் பெடாட் தண்ணீருக்கு அசையாது. இரண்டாவது அடி, துளை அடிவரை போவதில்லை. துளிக்குக் கீழே பத்துப் பதினைந்து நானோமீட்டர் பாலிஸ்டைரீன் தோல் தங்கினாலே போதும், மின்சாரம் நிற்கும். ஆக்ஸிஜன் பிளாஸ்மா அந்தத் தோலைத் தின்னும், கூடவே பெடாட்டையும் தின்னும். மூன்றாவது, துளையின் வடிவம். தேன்கூட்டுத் துளை நேர்க்குழாய் அல்ல. பானை மாதிரி, வாய் குறுகல், வயிறு அகலம். மேலிருந்து ஆவியாக வரும் அலுமினியம் விளிம்பின் நிழலில் அறுந்துவிடும், வயிற்றுப் பக்கம் ஏறாது. செல்லோடேப் ஒட்டிப் பிய்த்தால் மேல்பாதி போய், கிண்ணமும் அதன் மூலைகளில் முள்ளுமாக நிற்கும். அழகாக இருந்தது. அந்த முட்கள் அடுத்து வந்த எல்லா அடுக்கையும் குத்திக் கிழித்தன. இரண்டு மாதத்தில் ஒளிர்ந்தவை மூன்று சாம்பிள், அவையும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்த வாரம் வேலையையே விட்டுவிடலாமா என்றிருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

வழி கிடைத்தது கண்ணாடியின் மறுபக்கத்தில். எல்.ஈ.டி.யை வழக்கம்போல, வெளிக்காற்றும் ஈரமும் புகாத க்ளவ் பாக்ஸில் தட்டையாகச் செய்துவிட்டு, தேன்கூட்டை வெளிப்பரப்பில் ஒட்டுவது. தண்ணீரும் ஒளிரும் பாலிமரும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. 3 மைக்ரான் தடிமன் அங்கே குறையல்ல, வேண்டிய அளவே அதுதான். உள் அடுக்குகளில் சிக்கிய ஒளி இதில் வராது, கண்ணாடிக்குள் சிக்கியது மட்டும் வரும். ஆனால் அதுவே கணிசம். 2002-இல் மோலர், ஃபாரஸ்ட் என்ற ஆய்வாளர்கள் ஒழுங்கான நுண்வில்லைகளை வெளியே ஒட்டி ஒன்றரை மடங்கு ஒளி எடுத்துக் காட்டினார்கள். அதற்கான அச்சை லித்தோகிராஃபியில் செய்யாமல் தண்ணீர்த்துளியில் செய்யலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்முறை சுருக்கமாக. பாலிஸ்டைரீன் தேன்கூட்டின் மேல்பாதியைச் செல்லோடேப்பால் பிய்த்துவிடுங்கள், இங்கே அந்த முட்கள் தொல்லை செய்யாது. பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பரை அதன் இறுக்கியோடு பத்துக்கு ஒன்று கலந்து, வெற்றிடத்தில் குமிழி போகும்வரை வைத்து, மேலே ஊற்றி மறுபடி வெற்றிடத்தில் வையுங்கள். இரண்டாவது முறையை விட்டால் குழிக்குள் காற்று தங்கி வில்லைகள் மொட்டையாகும். 60 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு 100 டிகிரிக்கு ஏற்றினால் பாலிஸ்டைரீன் இளகித் தேன்கூடு படுத்துவிடும். உரித்தால் அரைக்கோள மேடுகள். பாலிஸ்டைரீன் துணுக்கு ஒட்டியிருந்தால் டொலுயீனில் ஊறப்போடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். எத்தில் அசிடேட்டில் சுருக்கமாக அலசிக் காயவிடுங்கள். பிடிஎம்எஸ் கண்ணாடியில் தானே ஒட்டும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.41, கண்ணாடியைவிடக் குறைவு, கொஞ்சம் ஒளி அந்த எல்லையிலேயே திரும்பும். பொறுமை இருந்தால் இந்த மேட்டிலிருந்து இன்னொரு ரப்பர்ப் பள்ளம் எடுத்து, அதில் 1.56 எண்ணுள்ள என்ஓஏ 61 என்ற புறஊதாப் பசையை வார்த்து வில்லை செய்யலாம். ரப்பர்மேல் ரப்பர் ஊற்றும்முன் ஒட்டாமல் தடுக்கும் ஃப்ளூரோசிலேன் ஆவி காட்டாவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அளப்பதில் ஏமாறாதீர்கள். வில்லைத்தாள், சாதனத்தில் ஒளிரும் பகுதியான பிக்சலைவிடப் பல மடங்கு அகலமாக இருக்க வேண்டும். ஒட்டிய பிறகு பிக்சல் பெரிதாகவும் மங்கலாகவும் தெரியும், புள்ளி அளக்கும் ஒளிமானி அதனால் குறைத்துக் காட்டும். நேர் எதிரில் மட்டும் அளந்தால் வேறு பொய் வரும். கண்ணாடி விளிம்புகளைக் கறுப்பு டேப்பால் மூடி, எல்லாத் திசை ஒளியையும் திரட்டும் ஒருங்கிணைக்கும் கோளத்தில் வில்லையோடும் இல்லாமலும் அதே சாதனத்தை அதே மின்னோட்டத்தில் அளங்கள். அப்படி அளந்தபோது எனக்குப் பிடிஎம்எஸ்ஸில் ஏறக்குறைய கால் பங்கு கூடியது. ஒன்றரை மடங்கு வரவில்லை. வில்லைகளுக்கிடையே உள்ள தட்டையான இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். செறிவைக் குறைத்தால் துளை பெரிதாகி இடைவெளி சுருங்கும், மி.லி.க்கு 12 மி.கி.யில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்குப் போன தகடுகள் ஒன்பது. மீதமுள்ள எம்இஎச்-பிபிவி ஆர்கான் நிரப்பி, அலுமினியத் தாள் சுற்றி, ஃப்ரீசரில் இருக்கிறது. க்ளவ் பாக்ஸுக்குள் போவதற்கு மட்டும் வெளியே வரும்.